சேலைகளுக்குப் பின்னால் ஒரு மேக்னம்

சனிக்கிழமைக் காலைகளில் ரஞ்சினி எங்கே போகிறாள் என்று யாராவது கேட்டால், அவள் கணவர் தருமராசா கண் வெட்டாமல் "கோயிலுக்கு" என்பார். மேய்ஸ் ஹில் முருகனிடம் அவள் போகிறவள்தான், ஆனால் அது வெள்ளிக்கிழமைகளில். சனிக்கிழமை அவளுடைய கார் குவேக்கர்ஸ் ஹில் வீட்டிலிருந்து எதிர்த்திசையில், வின்ட்சரையும் தாண்டி, யூக்கலிப்டஸ் மரங்களுக்குள் ஒளிந்து கிடக்கும் ஒரு பிஸ்டல் கிளப்புக்குப் போகும். டிக்கியில், பூட்டிய பெட்டிக்குள், அவளுடைய ரிவோல்வர் இருக்கும்.

ஐம்பத்து நான்கு வயது. இரத்தப் பரிசோதனை நிலையமொன்றில் நாள் முழுக்க மற்றவர்களின் கைகளில் நரம்பு தேடி ஊசி ஏற்றுகிற வேலை. அவளை இதற்குள் இழுத்துவிட்டது கூட வேலை செய்யும் கிளெண்டா. "உன்னுடைய கை நடுங்காத கை, ஒருமுறை வந்து பார்" என்று நச்சரித்து ஒரு நாள் கூட்டிக்கொண்டு போனாள். ரஞ்சினி போனது மறுப்புச் சொல்லத் தெரியாமல்தான். திரும்பி வரும்போது வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தாள். தருமராசா அன்றைக்கே நெற்றியில் கை வைத்தார்.

"உதுகளிட்டையிருந்து தப்பித்தானே இஞ்சை வந்தனாங்கள். நீர் என்னெண்டால் காசு குடுத்துத் தேடிப் போறீர்."

"இது கடதாசியிலை சுடுறதப்பா."

"கடதாசியோ கல்லோ, துவக்கு துவக்குத்தான்."

ஆனாலும் வகுப்பு, பரீட்சை, பொலிஸ் அனுமதி, மாதக்கணக்கான காத்திருப்பு எல்லாம் முடிந்து லைசென்ஸ் வந்தபோது, இரும்புப் பெட்டியை அலுமாரிக்குள் வைத்து நிலத்தோடு போல்ட் அடித்துக் கொடுத்தவர் அவர்தான். செய்வதென்றால் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்பது அவர் கொள்கை. பெட்டிக்கு முன்னால் அவளுடைய கூறைச் சேலையும் காஞ்சிபுரங்களும் தொங்கின. தோட்டாக்களுக்குத் தனியாக ஒரு பூட்டுப் பெட்டி, வேறொரு மூலையில்.

கிளப்பில் எல்லாரும் நீளக்குழல் பிஸ்டல்களை வாங்கச் சொன்னார்கள். அவளுடைய மணிக்கட்டுக்கு அந்தப் பாரம் ஒத்துவரவில்லை. கடைசியில் கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியின் அடித்தட்டிலிருந்து ஒரு சின்ன மேக்னம் ரிவோல்வரை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். கிளப்காரர் வைத்திருக்கச் சட்டம் விடுகிற ஆகக் குறைந்த குழல் நீளத்தைவிட ஒரு மயிரிழைதான் அதிகம். கைப்பிடி அவளுக்கென்றே செய்ததுபோல விரல்களுக்குள் அடங்கியது. "சின்னது என்று நம்பிவிடாதே, சின்னதுதான் கூடுதலாக உதைக்கும்" என்றார் கடைக்காரர்.

உதைத்தது. வலுக் கூடிய முதல் மேக்னம் தோட்டாவைச் சுட்டபோது இரண்டு கையும் தலைக்கு மேலே போய் நின்றன. குழல் வாயிலிருந்து பகலிலும் நெருப்புத் தெரிந்தது. காதை மூடிய கவசத்தையும் மீறி வெடிச்சத்தம் பல்லுக்குள் இறங்கியது. கடதாசியில் ஒரு ஓட்டையும் இல்லை. பின்னாலிருந்த மண் மேட்டில்தான் புழுதி எழும்பியது. அன்றைக்கே திருப்பிக் கொடுத்திருப்பாள். ஆனால் அதே துவக்குக்குள் வலுக் குறைந்த 'முப்பத்தெட்டு' தோட்டாக்களையும் போடலாம் என்று கிளெண்டா காட்டினாள். அவை சாதுவானவை. அவற்றை வைத்தே மாதக்கணக்கில் பழகினாள். மூச்சைப் பாதி விட்டு நிறுத்துவது, விசையைப் பிடுங்காமல் ஊசி ஏற்றுவதுபோல மெல்ல மெல்ல அழுத்துவது, வெடிக்கும் கணத்தை எதிர்பார்த்துத் தோளைச் சுருக்காமல் இருப்பது. பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் முடிவில் மட்டும் மேக்னம். ஒரு நாள் நடுவில் இருந்த கறுப்பு வட்டம் கிழிந்தது. தனக்குத்தானே சிரித்துக்கொண்டு நின்றவளைப் பார்த்துப் பக்கத்து மேடைக் கிழவரும் தலையாட்டிச் சிரித்தார்.

இதெல்லாம் வீட்டுக்குள் இருக்கிற வரைக்கும் ஒரு பிரச்சினையும் இல்லை. மகள் தாரகாவுக்குக் கலியாணப் பேச்சு வந்தபோதுதான் தருமராசா குரலைத் தாழ்த்தினார்.

பிள்ளைகள் தாங்களாகவே பார்த்து முடிவெடுத்த கலியாணம். மாப்பிள்ளை சஞ்சீவ் எலெக்ட்ரீசியன், நல்ல பிள்ளை. பள்ளிக்கூட வயதில் தாய் யோகாவோடு படகில் வந்தவன். தகப்பன் வன்னியில், கடைசி யுத்தத்தில் போய்விட்டார். பத்து வருடத்துக்கு மேலாகத் தற்காலிக விசாவில் இழுபட்டு, நிரந்தர விசா கையில் கிடைத்து ஏழு மாதம்தான். யோகா முதியோர் இல்லமொன்றின் குசினியில் சமையல் வேலை செய்கிறாள்.

"அந்த மனிசி என்னெல்லாம் கண்டு வந்தது" என்றார் தருமராசா. "பொம்பிளையின்ரை தாய் துவக்கு வச்சிருக்கிறா எண்டால் இந்தப் படியிலை கால் வைக்குமோ?"

சஞ்சீவுக்கு விஷயம் தெரியும். அவனும் கெஞ்சினான். "அன்ரி, அம்மாவுக்கு இப்ப சொல்லாதேங்கோ. கலியாணம் முடியட்டும்."

ரஞ்சினி தலையாட்டினாள். ஆட்டினாளே தவிர, அன்றிலிருந்து சரியாக நித்திரை வரவில்லை. ஒரு தாயிடம் மறைத்துவைத்து அவள் பிள்ளையை எடுப்பதா? பின்னால் தெரிய வந்தால் அது இதைவிடப் பெரிய வெடி.

யோகா முறையாகப் பேச வருவதற்கு ஒரு சனிக்கிழமை பின்னேரம் நல்ல நேரம் பார்க்கப்பட்டது. இங்கேதான் ரஞ்சினி பிழை விட்டாள். துவக்கு வைத்திருப்பவர்களின் பெட்டியையும் பூட்டையும் பொலிஸ் இடைக்கிடை வந்து பார்க்கும். நல்ல நேரம் பார்ப்பதற்கு முதலே ஒரு கொன்ஸ்டபிள் போன் எடுத்து நாள் கேட்டபோது, அதே சனிக்கிழமை நாலு மணிக்கு வரச் சொல்லியிருந்தாள். நாளை மாற்ற வேண்டும் என்று நினைத்தாள். பிறகு ரோல்ஸ் பலகாரத்துக்கு மீன் அவிப்பதும், சேலைக்கு ரவிக்கை தைப்பிப்பதும், தருமராசாவோடு திரைச்சீலைக்குச் சண்டை பிடிப்பதுமாக அந்த நினைவு தலையை விட்டே போய்விட்டது.

யோகா மெலிந்த மனுஷி. நீலச் சேலை, இறுக்கிப் பிடித்த கைப்பை. பழத்தட்டத்தைத் தாரகாவின் கையில் கொடுத்துவிட்டு, கதிரையின் நுனியில் இருந்தாள். தேத்தண்ணி வந்தது. "பிள்ளை நல்லா மெலிஞ்சிட்டா" என்று தாரகாவைப் பார்த்துச் சொன்னாள். "வேலை கூடவோ?" எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கதவு மணி அடித்தது. தருமராசா திறந்தார்.

வாசலில் நீல உடுப்பில் இரண்டு பொலிஸ்காரர்கள், ஒரு பெண்ணும் ஒரு ஆணும். ரோட்டில் நிறுத்திய அவர்களுடைய கார் ஹோலில் இருந்த எல்லாருக்கும் தெரிந்தது.

ரஞ்சினிக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. "அம்மா, சீரியஸ்லி?" என்று தாரகா பல்லுக்குள் கேட்டாள். ரஞ்சினி எழுந்து வாசலுக்குப் போய், "மன்னிக்க வேண்டும், ஒரு நிமிஷம் தாருங்கள்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுத் திரும்பினாள். யோகா இருந்த கதிரை வெறுமையாக இருந்தது. தேத்தண்ணிக் கோப்பை கவிழ்ந்து கம்பளத்தில் ஊறிக்கொண்டிருந்தது.

"அம்மா எங்கை?" சஞ்சீவின் முகத்தில் இரத்தம் இல்லை. "அன்ரி, அம்மா எங்கை போனவ?"

குசினியின் பின்கதவு திறந்து கிடந்தது. ரஞ்சினி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினாள். வளவின் மூலையில், புல்லுவெட்டி வைக்கிற தகரக் கொட்டிலுக்குப் பின்னால், வேலியோடு முதுகை ஒட்டியபடி யோகா நின்றாள். காலில் செருப்பில்லை. கைப்பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்திருந்தாள். உதடு ஓயாமல் அசைந்தது, சத்தம் வரவில்லை.

"யோகா... யோகா, இஞ்சை பாருங்கோ."

"தங்கச்சி, என்ரை விசா இருக்கு. பேக்குக்குள்ளை வச்சிருக்கிறன். அவைக்குச் சொல்லுங்கோ, இப்ப எனக்கு நிரந்தரம். ஏன் வந்தவை? மகனை ஒண்டும் செய்ய வேண்டாமெண்டு சொல்லுங்கோ."

"உங்களைத் தேடி வரேல்லை."

"அண்டைக்கும் இப்பிடித்தான் சொன்னவை. இஞ்சை தடுப்பு முகாமிலை இருக்கேக்கை, பக்கத்து அறைப் பெடியனை, சும்மா கதைக்கத்தான் எண்டு கூட்டிக்கொண்டு போனவை. பிறகு அவன் திரும்பி வரேல்லை."

ரஞ்சினி அவளுடைய கையைப் பிடித்தாள். மணிக்கட்டில் நாடி பறந்துகொண்டிருந்தது. எத்தனையோ ஆயிரம் கைகளைப் பிடித்தவள், இப்படி ஒரு நாடியை அவள் பிடித்ததில்லை. கலியாணம் நின்றாலும் பரவாயில்லை என்று அந்தக் கணத்தில் தோன்றியது. இந்த மனுஷிக்கு முதலில் மூச்சு வர வேண்டும்.

"யோகா, அவை என்னைத் தேடி வந்தவை. என்னட்டை துவக்கு ஒண்டு இருக்கு. அதைப் பாக்கத்தான் வந்தவை."

யோகா அவளைப் பார்த்தாள். ஒரு கிளி வேலியில் வந்து இருந்து, கத்திவிட்டுப் பறந்தது.

"என்ன இருக்கு?"

"துவக்கு. கைத்துவக்கு. லைசென்ஸோடைதான். கிளப்பிலை போய்ச் சுடுறனான். ஒழுங்காப் பூட்டி வச்சிருக்கிறனோ எண்டு செக் பண்ண வந்திருக்கினம். நான்தான் இண்டைக்கு வரச் சொல்லிப்போட்டு மறந்துபோனன்."

"அப்ப எனக்கில்லையோ?"

"இல்லை."

"சஞ்சீவுக்கும் இல்லையோ?"

"சத்தியமா இல்லை."

"துவக்குக்கோ வந்தவை?" யோகா வேலியோடு சறுக்கி அப்படியே புல்லில் குந்தினாள். "என்ரை முருகா! துவக்குக்கோ! நான் என்னவோ எண்டெல்லோ..." அவள் சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்போடு கண்ணீரும் வந்தது. மூக்கைச் சேலைத் தலைப்பில் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். ரஞ்சினியும் அவளுக்குப் பக்கத்தில் புல்லில் இருந்துவிட்டாள். இத்தனை நாளும் நெஞ்சுக்குள் கட்டிவைத்த மூட்டை ஒரே வரியில் அவிழ்ந்து போயிருந்தது. அதைக் கேட்டவள் ஆறுதலில் அழுகிறாள். யார் நினைத்தது இப்படி?

உள்ளே பொலிஸ்காரர்கள் பொறுமையாக நின்றார்கள். யோகா முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். "நானும் பாக்கப்போறன்" என்றாள். சஞ்சீவ் ஏதோ சொல்ல வாயெடுக்க, "நீ பேசாமல் இரு" என்று அடக்கினாள்.

அறைக்குள் ரஞ்சினி சேலைகளை ஒரு பக்கம் தள்ளி, கழுத்துச் சங்கிலியில் கோத்திருந்த திறப்பால் பெட்டியைத் திறந்தாள். ரிவோல்வரை எடுத்து, உருளையை வெளியே தள்ளி, வெறுமையாக இருப்பதைக் காட்டி, பெண் பொலிஸின் கையில் கொடுத்தாள். அந்தப் பெண் துவக்கின் இலக்கத்தை வாசித்துத் தன் பதிவோடு ஒப்பிட்டாள். ஆண் குனிந்து போல்ட்டுகளை ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. "யார் பூட்டியது? நல்ல வேலை" என்றார். வாசலில் நின்ற தருமராசாவின் தோள் கொஞ்சம் உயர்ந்தது. தோட்டாப் பெட்டியையும் பார்த்தார்கள். அவ்வளவுதான், எல்லாம் சரி.

அவர்கள் வெளியே போகிற வழியில்தான் அது நடந்தது. யோகா மேசையிலிருந்த ரோல்ஸ் தட்டை எடுத்துக்கொண்டு வந்து அவர்களுக்கு முன்னால் நீட்டினாள். தட்டில் ரோல்ஸ் உருண்டது. ஆனால் தட்டைப் பின்னுக்கு இழுக்கவில்லை. பெண் பொலிஸ் ஒன்றை எடுத்துக் கடித்து, "ஆ, காரம்!" என்று சிரித்தாள். விருந்து எதற்கு என்று கேட்டு, தாரகா சொன்னதும், யோகாவைப் பார்த்து வாழ்த்துச் சொன்னாள். யோகா "தேங்க் யூ" என்றாள். கார் தெருமுனை திரும்பும் வரைக்கும் வாசலிலேயே நின்று பார்த்தாள்.

பிறகு கதிரையில் நன்றாகச் சாய்ந்து இருந்துகொண்டு ரஞ்சினியைக் கேட்டாள். "உண்மையைச் சொல்லுங்கோ. ஏன் உந்தத் துவக்கை வாங்கினனீங்கள்? ஆருக்கும் பயமோ?"

"பயமில்லை. சுடேக்கை தலைக்குள்ளை வேற ஒண்டும் இருக்காது. வேலை, வீடு, கடன், ஒண்டும். அந்தக் கறுப்பு வட்டம் மட்டும்தான். அது முடிய, குளிச்சிட்டு வந்த மாதிரி இருக்கும்."

யோகா தருமராசாவைத் திரும்பிப் பார்த்தாள். "சனிக்கிழமையளிலை கோயிலுக்குப் போறவ, நல்ல பக்தி எண்டெல்லோ சனம் சொன்னது."

தருமராசா இருமினார்.

"எனக்கு உது பிடிக்காது தங்கச்சி, ஒளிக்காமல் சொல்லுறன்" என்றாள் யோகா. "அந்தச் சத்தத்துக்கு என்னைக் கூப்பிட வேண்டாம். பேரப்பிள்ளையள் இந்த வீட்டிலை ஓடித் திரியேக்கை அந்தத் திறப்பு உங்கடை கழுத்தை விட்டு இறங்கக் கூடாது."

"இறங்காது."

"ஆனால் இனி என்னட்டை ஒண்டையும் மறைக்காதேங்கோ. மறைக்கிறதுதான் எனக்குப் பயம்."

"ஓம். மறைக்கமாட்டன்."

"சரி, அப்ப சாப்பிடுவம். எனக்குப் பசிக்குது."

கலியாணத்தை ஆவணியில் வைப்போம் என்று முடிவானது. மண்டபம் எது, எத்தனை பேர் என்பதில் சஞ்சீவும் தாரகாவும் ஒரு பக்கம், பெரியவர்கள் மறுபக்கமாக நின்று வாதாடினார்கள். யோகா மூன்று ரோல்ஸும் ஒரு துண்டு கேக்கும் சாப்பிட்டாள். கம்பளத்தில் தேத்தண்ணிக் கறை பிடித்ததற்கு மட்டும் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டாள். பொழுதுபட, "போட்டு வாறம்" என்று ரஞ்சினியைக் கட்டிப்பிடித்துவிட்டுச் சஞ்சீவின் காரில் ஏறினாள்.

அவர்கள் போய்க் கொஞ்ச நேரத்தில் தாரகாவின் போன் சத்தமிட்டது. அவள் வாசித்துவிட்டுத் தாயிடம் நீட்டினாள். எங்கோ ஒரு சிவப்பு விளக்கில் நின்றபோது சஞ்சீவ் எடுத்து அனுப்பிய படம். யோகா முன் இருக்கையில் தலை சாய்ந்து, வாய் திறந்தபடி நித்திரை. கைப்பை மடியில் இல்லை, காலடியில் கிடந்தது. கீழே ஒரு வரி: அம்மா காரில் நித்திரை கொண்டு நான் பார்த்ததே இல்லை.

ரஞ்சினி அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தாள். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, குசினி வாங்கில் உட்கார்ந்து, தட்டில் மிஞ்சிக் கிடந்த ஆறிய ரோல்ஸ் ஒன்றை எடுத்தாள். மற்றவர்களுக்குப் பரிமாறியதோடு சரி, காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.