லாரியில் ஏறியவர்கள்

அச்சகத்தில் ஒப்படைக்க இன்னும் பதினேழு மணி நேரம் இருந்தது. எல்லை மூடப்பட்ட வருஷத்தில் இந்தப் பக்கம் வந்து சேர்ந்த அறுபத்திரண்டு பேரின் வாய்மொழிகள், ஆறு வருஷ உழைப்பு, ஒரே தொகுதி. அறுபத்தோரு பேர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். போடாத ஒருத்தி அவளுடைய அம்மா.

ஒலிப்பதிவைக் கேட்டு எழுத்தாக்குவது மகளின் வேலை. ஆய்வு மையத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். ஒரு தேதி பதிவேட்டோடு ஒத்துப்போகாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. சொந்தக்காரர்களைப் பேட்டி எடுக்கக் கூடாது என்பது அங்கே விதி. அதனால் அம்மாவிடம் பேராசிரியர்தான் பேசினார். எழுதியது அவள்.

"ஊரையே கையெழுத்துப் போட வச்ச. வீட்டுல மட்டும் உன் பருப்பு வேகலயா?" என்று இன்று மத்தியானம் பேராசிரியர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "நாளைக்குக் காலைல வரலன்னா அம்மாவோட பக்கத்த எடுத்துடணும்மா. வேற வழியில்ல" என்றார்.

வீட்டில் அம்மா துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். முதல் தடவை ஒப்புதல் படிவத்தை நீட்டியபோது கண்ணாடியைக் காணோம் என்றாள். இரண்டாம் தடவை தலைவலி. இன்று படிவத்தைக் கண்டதும், "வந்துட்டாங்க அதிகாரி" என்றாள்.

"வெளையாடாதம்மா. கடைசியா ஒரு தடவ படிக்கிறேன். எங்க பிடிக்கலன்னு சொல்லு."

அம்மா அடுத்த துணியை எடுத்தாள். அவள் படித்தாள். வீட்டைப் பூட்டியது, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்தது, விடியுமுன் வந்த லாரி. "அப்புறம் நாங்க மூணு பேர் லாரியில ஏறினோம். இங்க நாப்பத்தோரு நொடி மௌனம்."

மடித்த துணியை அம்மா மறுபடி உதறினாள்.

"மௌனத்தக்கூட எண்ணுவீங்களா?"

"எண்ணணும். அதுவும் பதிவுதான்."

"அத மட்டும் சரியா எண்ணியிருக்க."

அவளுக்குச் சுருக்கென்றது. "மூணு பேர்ங்கறதச் சொல்றியா? நீ நாலுன்னு சொன்ன. வாய் தவறிச் சொல்லிட்டன்னு நான்தான் திருத்தினேன். அப்பா, நீ, அண்ணன். நான் அப்பப் பொறக்கவே இல்ல. பதிவேட்டுலயும் பாத்துட்டேன், மூணுதான்."

"எந்தப் பதிவேடு?"

"முகாம்ல எழுதினது."

"அது எறங்கினவங்க கணக்கு," என்றாள் அம்மா. "உன் புரொபசர் கேட்டது ஏறினவங்கள."

அவள் கையில் காகிதம் நின்றது. பேசியவர் சொல்லை மாற்றக் கூடாது என்று புதிதாக வருபவர்களுக்கு அவளே பாடம் எடுப்பவள். இந்த ஆறு வருஷத்தில் ஒரே ஒரு சொல்லை மாற்றியிருந்தாள்.

"அப்பவே ஏம்மா சொல்லல?"

"சொன்னேனே." அம்மாவின் குரல் உயரவில்லை. "உங்கப்பா, தான் இருக்கறவரைக்கும் வாயத் தெறக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. அவரு போனப்புறமும் உன் முகத்தப் பாத்துச் சொல்ல வரல. டைப் அடிக்கறது நீதான்னு தெரியும். பேசின அன்னைக்கு ராத்திரி நீ வந்து கேப்பன்னு சாப்பிடாம உக்காந்திருந்தேன். நீ வந்து, குழம்புல உப்பு கம்மின்னு சொல்லிட்டுப் படுத்துட்ட."

அந்த ராத்திரி அவளுக்கு ஞாபகம் இல்லை.

"ஒரு தடவதான் சொன்னேன். அதையும் அடிச்சிட்டியே."

அவள் பேனாவை எடுத்து மூன்றை அடித்தாள். மேலே நான்கு என்று எழுதினாள். எழுத்து கோணிப் போயிற்று. படிவத்தை அம்மாவின் பக்கம் தள்ளினாள். அம்மா அதை வாங்கவில்லை.

"யாரும்மா?"

அம்மா மடித்த துணிகள்மேல் கையை வைத்துக்கொண்டிருந்தாள். இந்த மௌனத்தை மகள் எண்ணவில்லை.

"எல்லைச் சாவடில காய்ச்சல் பாத்தாங்க. உடம்பு சுட்டா எறக்கிடுவாங்க. அண்ணன் என் இடுப்புல, கைக்கொழந்த. ஒரு நர்ஸ், நாளைக்கு வந்து கூட்டிட்டுப் போங்கன்னா. அன்னைக்கு சாயங்காலமே எல்லைய மூடிட்டாங்க." அம்மா அவளை நேராகப் பார்த்தாள். "உனக்கு ஒரு அக்கா. நாலு வயசு. அவளுக்குத்தான் காய்ச்சல். நான்தான் லாரியவிட்டு எறக்கிவிட்டேன்."