ஓரகத்தியின் கரை

அண்ணனும் தம்பியும் பங்கு பிரித்துக்கொண்ட வயல்கள் ஆற்றோரமாக ஒட்டி ஒட்டி இருந்தன. மேல்பக்கம் மூத்த மருமகளுக்கு, நீர் இறங்கிப் போகும் கீழ்ப்பக்கம் இளையவளுக்கு. செங்குத்தான கரையைச் சரிவாக வெட்டி, நாணலும் வெட்டிவேரும் நட்டால் அரிப்பு நிற்கும் என்று போன வருடம் ஆற்றைப் பார்வையிட வந்த அரசுப் பொறியாளர் சொன்னார். அதற்கு வயலில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். இளையவள் கொடுத்தாள்.

"ஆத்துக்குத் தாரை வார்க்கவா நான் நிலம் வச்சிருக்கேன்?" என்று மூத்தவள் மறுத்துவிட்டாள்.

இந்த வெள்ளத்தில் மூத்தவளின் கரை மோட்டார் கொட்டகையோடு சரிந்து போயிற்று. இளையவளின் கரையில் ஒரு பிடி மண்கூட நகரவில்லை. அங்கே நீரில் தொங்கிய வேர்களுக்குள் மீன்குஞ்சுகள் மொய்ப்பதைப் பார்த்ததும் மூத்தவளுக்கு வயிறு எரிந்தது.

"மீனுக்குக்கூட உன் வீட்டு வாசல்தான் தெரியுதாடி?"

"வயித்தெரிச்சலை அப்புறம் வச்சுக்கலாம்க்கா. உங்க கரைக்கும் நாத்து கொண்டு வந்திருக்கேன்."

"இரக்கப்படுறியா? எனக்கு வேண்டாம்."

"இரக்கமும் இல்ல, ஒண்ணும் இல்ல. உங்க கரை இன்னும் உடைஞ்சா, தண்ணி என் கரைக்குப் பின்னால புகுந்து மொத்தமா பெயர்த்துடும். நெனச்சா தூக்கமே வரல."

மூத்தவள் முகத்தில் அன்றைக்கு முதன்முதலாகச் சிரிப்பு வந்தது.

"உனக்குமா தூக்கம் வரல?"

"சத்தியமா."

"அப்ப சரி. பொறியாளரைக் கூப்பிடு. நீ எத்தனை அடி விட்டே?"

"பத்து."

"எனக்குப் பன்னெண்டு வெட்டச் சொல்லு."

"பத்தே போதும்னுதான் அவர் சொன்னார்க்கா."

"அது உனக்குச் சொன்னது. எனக்குப் பன்னெண்டு!"