மாடு விடுகிற நாள்

பஞ்சுக் குச்சியைத் தண்ணீரில் தோய்த்து அப்பாவின் உதட்டில் ஒற்றிக்கொண்டிருந்தபோதுதான் நிறோஷினி அந்த மூச்சைக் கேட்டாள். ஓர் இழுப்பு, நீண்ட ஓய்வு, பிறகு இன்னோர் இழுப்பு. முதியோர் இல்லத்தில் ஒன்பது வருடமாக வேலை செய்கிறவளுக்கு அது என்ன மூச்சென்று யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. காலை எட்டரைக்கு வந்த தாதி கிர்ஸ்டனும் அதையேதான் டெனிஷ் மொழியில் சொன்னாள்.

"இன்றைக்குத்தான் போலிருக்கிறது. வரவேண்டியவர்களைக் கூப்பிடு."

வரவேண்டியவன் ஒருவன்தான், தம்பி ஜெரோசன். விபோர்க் பக்கத்து விவசாயக் கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிறான். அங்கிருந்து இவர்கள் வீடு இருக்கிற ஒடென்சேக்குக் காரில் இரண்டு மணித்தியாலம். "ஏதும் மாறினா உடனை போன் அடியுங்கோ அக்கா" என்று நேற்றும் சொல்லியிருந்தான். அவன் இன்று அங்கே நின்றதே அப்பாவின் கட்டளையால்தான். குளிர்காலம் முழுக்கக் கொட்டிலில் அடைபட்டுக் கிடந்த மாடுகளைப் பண்ணைகளில் புல்லுக்குத் திறந்துவிடுகிற ஏப்ரல் ஞாயிறு இது. அவை துள்ளிக்கொண்டு ஓடுவதைப் பார்க்கச் சனம் பிள்ளைகுட்டிகளோடு வரும். இந்த முறை கல்லூரிப் பண்ணையில் மத்தியானம் பன்னிரண்டுக்குப் படலையைத் திறக்கிறவன் ஜெரோசன். "மாட்டை விட்டிட்டு வா. நான் எங்கை போகப்போறன்?" என்று அப்பா நீக்கிலாஸ் படுக்கையில் கிடந்தபடியே போனில் சொல்லிவிட்டார்.

நிறோஷினி போனை எடுத்தாள். பிறகு அதைக் கவிழ்த்து வைத்தாள்.

மூத்தது மோழை, இளையது காளை என்பார்கள். நீக்கிலாஸ் அதை வாயால் சொன்னதில்லை, நடந்து காட்டினார். இருபத்தாறு வருடம் இறைச்சித் தொழிற்சாலையில் செத்த பன்றியை வெட்டிய மனுசனுக்கு, உயிரோடு நின்று அசைபோடுகிற மாட்டைக் கண்டதும் தலைகால் புரியவில்லை. சனிக்கிழமை விடிந்தால் கார் விபோர்க்குக்குப் போகும். மகன் பால் கறக்க, இவர் கவிழ்த்த வாளியில் குந்தியிருந்து கன்றுகளுக்குப் புட்டியில் பால் கொடுப்பார். "எல்லாற்றை பிள்ளையளும் டொக்டர், எஞ்சினியர். என்ரை பெடியன் கமக்காரன்" என்று கோயில் வாசலில் நின்று கேட்கிறவன் காது புளிக்கச் சொல்வார். நிறோஷினி படித்து முடித்துச் சான்றிதழ் வாங்கிய அன்று அவருக்கு ஓவர்டைம் இருந்தது.

அவளுடைய முப்பதாவது பிறந்தநாளுக்கு ஹோல் எடுத்து எண்பது பேருக்குச் சாப்பாடு சொல்லியிருந்தாள். அப்பாவும் தம்பியும் வந்து சேர்ந்தபோது கேக் வெட்டி முடிந்து கோப்பை கழுவிக்கொண்டிருந்தார்கள். பண்ணையில் ஒரு மாடு இரட்டைக் கன்று போட்டதாம். சப்பாத்தில் சாணியோடு வந்தவர் போனை நீட்டி நீட்டிப் படம் காட்ட, சனமெல்லாம் பிறந்தநாள்காரியை விட்டுவிட்டு அவரைச் சூழ்ந்துகொண்டது. சொந்தப் பிறந்தநாளில் இரண்டு கன்றுக்குட்டிகளிடம் தோற்றவள் டென்மார்க்கில் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

அம்மா அருமைநாயகி செத்து ஐந்து வருடம். அதன்பிறகு அப்பாவுக்குச் சமைத்தவளும், இந்தக் கடைசி நான்கு மாதம் அவரைக் கழுவித் துடைத்தவளும் நிறோஷினிதான். ஆனாலும் கண் விழித்ததும் அவர் கேட்பது, "தம்பி போன் அடிச்சவனோ?"

வயிறு எரியாமல் என்ன செய்யும்? இந்த ஒரு காலையாவது தனக்கு மட்டும் வேண்டும் என்றிருந்தது அவளுக்கு. சின்னப்பிள்ளைக் குணம் என்று தெரியாமலில்லை. தெரிந்துகொண்டே போனைத் தொடாமல் இருந்தாள்.

பத்து மணிபோல நீக்கிலாஸின் உதடு அசைந்தது. அவள் காதைக் கிட்டக் கொண்டுபோனாள்.

"ஜெரோ... வந்திட்டியோ?"

அடுத்ததாகத் தன் பெயர் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். வரவில்லை.

"ஓம் அப்பா. வந்திட்டன்" என்றாள்.

ஒரு கரண்டி பிடிக்கப் பலமில்லாதிருந்த கை அவள் விரல்களை இறுக்கிக்கொண்டது. அந்தப் பிடி தனக்கானதில்லை என்று தெரிந்தும் அவள் கையை எடுக்கவில்லை. பதினொன்றே முக்காலுக்கு, வரவேண்டிய அடுத்த மூச்சு வரவில்லை.

பிறகுதான் ஜெரோசனுக்குப் போன் அடித்தாள். பின்னால் ஒலிபெருக்கியும் பிள்ளைகளின் கூச்சலும் கேட்டன. "வாறன்" என்று மட்டும் சொன்னான்.

இரண்டு மணிக்கு நீல மேலுடுப்போடு, கொட்டில் மணத்தோடு உள்ளே வந்தான். திரும்ப வந்து அப்பாவைக் கழுவி உடுப்பு மாற்ற உதவிவிட்டுக் கிர்ஸ்டன் தன் பையை அடுக்கிக்கொண்டு நின்றாள். ஜெரோசன் அப்பாவின் நெற்றியில் கொஞ்ச நேரம் கையை வைத்திருந்தான். பிறகு டெனிஷில் கேட்டான்.

"நிலைமை எப்போது மாறியது?"

"திடீரென்றுதான்" என்றாள் நிறோஷினி, அவளும் டெனிஷில்.

"இல்லையே, எட்டரைக்கே நான் சொன்னேனே" என்றாள் கிர்ஸ்டன், ஒரு கள்ளமுமில்லாமல். "உனக்குத் தொடர்பு கிடைக்கவில்லையா?"

கிர்ஸ்டன் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, அனுதாபம் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். ஜெரோசன் போனை எடுத்து அழைப்புகளைப் பார்த்தான். காலையில் ஒன்றுமில்லை. பதினொன்று ஐம்பதுக்கு ஒன்று. அதைத் திரும்பவும் சட்டைப்பைக்குள் வைத்தான்.

"கதைச்சவரோ?" இப்போது தமிழில் கேட்டான்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு பொய் சொன்னவளுக்கு இரண்டாவது பொய் என்ன பாரமா? ஆனால் அவள் வாயில் உண்மைதான் வந்தது.

"பத்து மணிக்கு. ஜெரோ வந்திட்டியோ எண்டு கேட்டவர்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"ஓம் அப்பா, வந்திட்டன் எண்டு சொன்னனான். என்ரை கையை இறுக்கிப் பிடிச்சவர்."

கத்துவான் என்று நினைத்தாள். கத்தினால் தானும் கத்தலாம், முப்பது வருடக் கணக்கையும் அவிழ்த்துக் கொட்டலாம் என்றுகூட இருந்தது. அவன் கதிரையை இழுத்து அப்பாவின் தலைமாட்டில் போட்டு, காலையிலிருந்து அவள் இருந்த பக்கத்திலேயே இருந்தான்.

மூன்று மணிக்கு அந்தோனிதாசனும் மனைவி செல்வமலரும் செபமாலையோடு வந்தார்கள். அப்பாவோடு அதே தொழிற்சாலையில் வேலை செய்த மனுசன் அவர். கட்டிலடியில் சிலுவை போட்டுக்கொண்டு விம்மினார். பிறகு, எந்தச் செத்தவீட்டிலும் முதலில் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"சீவன் போகேக்கை ஆர் பக்கத்திலை இருந்தது?"

நிறோஷினி வாயெடுக்க முன் ஜெரோசன் சொன்னான். "நான் இருந்தனான் மாமா. அக்கா தேத்தண்ணி போடக் குசினிக்கை நிண்டவ."

"ஏதும் சொன்னவரோ தம்பி?"

"ஜெரோ, வந்திட்டியோ எண்டு கேட்டவர். ஓம் அப்பா, வந்திட்டன் எண்டு சொன்னனான். என்ரை கையை இறுக்கிப் பிடிச்சவர்."

செல்வமலர் அழுதுகொண்டு அவன் தலையைத் தடவினாள். "குடுத்து வைச்சனீயடா மோனை. எத்தினை பேருக்குக் கிடைக்கும்?" பிறகு நிறோஷினியிடம் திரும்பினாள். "நீதான் பாவம் பிள்ளை. இவ்வளவு நாளும் பாத்துப்போட்டு, அந்த நேரம் பாத்துக் குசினிக்கையோ நிண்டனீ?"

ஜெரோசன் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தான். இரண்டு மணித்தியாலம் கார் ஓட்டிவந்த கண்கள் சிவந்திருந்தன.

"ஓம் மாமி" என்றாள் நிறோஷினி.

அவர்கள் முழந்தாளிட்டுச் செபமாலையைத் தொடங்கினார்கள். அவள் குசினிக்குப் போய்க் கேத்திலைப் போட்டுவிட்டு, தண்ணீர் கொதித்து அது தானாக நின்ற பிறகும் அங்கேயே நின்றாள்.