டாரல் அறுத்த குழாய்

டாரலின் மச்சான் காசிமிர் தன் பெட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தார். விவாகரத்துக்குப் பிறகு தங்கை ரெனாட்டாவின் மில்வாக்கி வீட்டு மாடியில் வந்து தங்கியவர். "தலைமேல பூட்ஸ் காலோட இடிக்கிறதுக்கு இது என்ன குதிரை லாயமா?" என்று நேற்றுச் சாப்பாட்டு மேசையில் டாரல் கேட்டுவிட்டான். அவர் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். அப்போதிலிருந்து ரெனாட்டா கணவனின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

அவள் கண்ணில் படாமலிருக்க டாரல் நிலவறைக்கு இறங்கினான். அங்கே ஓடிக்கொண்டிருந்த வாஷிங் மெஷின் தண்ணீர் பிடிப்பதைச் சட்டென நிறுத்தியது.

டொம்.

தலைக்கு மேலே தினமும் கேட்ட அதே சத்தம். சின்னச் சன்னல் வழியே பார்த்தான். காசிமிர் வெளியே பனியில் நின்று கார் டிக்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

டாரல் குழாயில் கைவைத்துக் காத்திருந்தான். மெஷின் மறுபடி தண்ணீர் பிடித்து நின்றபோது, குழாய் உள்ளங்கையில் துள்ளியது. அது மாடிவரை சுவருக்குள் போகும் குழாய். முன்பு அங்கே, மெஷினுக்கு மேலே, வாய் மூடிய இரண்டு குட்டைக் குழாய்கள் நிமிர்ந்து நின்றன. பீர் அலமாரி மாட்டுவதற்காக இலையுதிர்காலத்தில் அவற்றை அறுத்தெறிந்து ஓட்டையை அடைத்தவன் அவனேதான். எங்கேயும் போகாத குழாய் எதற்கு என்று பெருமையாகக் கேட்டிருந்தான். ஓடும் தண்ணீர் சட்டென நிற்கும்போது விழும் அடியை அவற்றுக்குள் இருந்த காற்றுதான் வாங்கிக்கொண்டிருந்தது என்பது இப்போதுதான் உறைத்தது. காதுமடல் சுட்டது.

மேலே போனான்.

"மச்சான், கொஞ்சம் கீழ வாங்க."

"எதுக்கு மாப்ள? அங்கயும் நடந்து காட்டணுமா?"

ஆனாலும் வந்தார். பின்னாலேயே ரெனாட்டாவும் வந்தாள். மூவரும் காத்து நின்றார்கள்.

டொம்.

"நான்தான்," என்றான் டாரல். "நான் குழாயை அறுத்ததாலதான் இடிக்குது. நீங்க இல்ல."

"கிறிஸ்துமஸ்லேருந்து அண்ணன் வீட்டுக்குள்ள பூட்ஸே போடல," என்றாள் ரெனாட்டா மெதுவாக. "அதுக்கப்புறமும் நீ முணுமுணுத்தே. நான் அவ்வளவு கனமாவா இருக்கேன்னு என்கிட்ட கேட்டார்."

டாரல் தலையைக் குனிந்துகொண்டான். குனிந்த கண்ணில் மச்சானின் கால்கள் பட்டன. ஊரைவிட்டுக் கிளம்பும் இந்த வேளையிலும் அவர் பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு, சில்லிட்ட சிமெண்ட் தரையில் கம்பளிச் சாக்ஸோடு நின்றிருந்தார்.

ஓடிப்போய் பூட்ஸை எடுத்துவந்து அவர் காலடியில் வைத்தான்.

"போட்டுக்குங்க மச்சான். தரை குளிருது."

"சத்தம் வருமே மாப்ள," என்றார் காசிமிர்.

டாரல் பீர் அலமாரியைக் கழற்றத் திரும்பினான். அலமாரியிலிருந்து பீர் பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைக்க ஆரம்பித்தான். காசிமிர் பூட்ஸை மாட்டிக்கொண்டு, அலமாரியின் மறுமுனையைப் பிடித்தார்.