நட்சத்திரத்தில் இருந்த நீராவி

லவீனாவின் கட்டுரையை ஆய்விதழ் ஏற்றுப் பதினொரு நாளாகியிருந்தது. தொலைவிலுள்ள ஒரு சிறு கோளின் காற்றில் நீராவி இருக்கிறது என்பது அதன் சாரம். யாழ்ப்பாணத்தில் தற்காலிக விரிவுரையாளராக இருக்கும் அவளுக்கு அது முதல் கட்டுரை. கோள் தன் நட்சத்திரத்தின் முன்னால் கடக்கும்போது, கோளின் காற்றினூடாக வரும் ஒளியில் நீராவி விழுங்கிய நிறங்கள் குறைந்திருக்கும். விண்வெளித் தொலைநோக்கி பதிந்த இரண்டு கடப்புகளில் அந்தக் குறைவை அவள் கண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை மூன்றாவது கடப்பின் தரவு வெளியானது. அதில் குறைவு ஏறக்குறைய இல்லை. மத்தியானம்வரை கணக்கைத் திருப்பித் திருப்பிப் போட்டாள். அந்த மங்கிய நட்சத்திரத்தின் முகத்தில் குளிர்ந்த புள்ளிகள் உண்டு. அவற்றில் நீராவி இருக்கும். முதல் இரண்டு தடவையும் புள்ளிகள் இந்தப் பக்கம் இருந்தன. மூன்றாம் தடவை நட்சத்திரம் சுழன்றதில் மறைந்துவிட்டன. அவள் கண்டது நட்சத்திரத்தின் நீராவி. புள்ளிகள் மிகச் சிறியவை என்று கணக்கில் வைத்ததும் அவள்தான்.

கூட எழுதிய மூத்த விரிவுரையாளர் வாகீசனுக்குத் தொலைபேசியில் சொன்னாள். அச்சில் வரட்டும், பிறகு திருத்தம் போடலாம், நிரந்தர வேலைக்கான நேர்முகம் அடுத்த மாதம் அல்லவா என்றார் அவர். அன்பாகத்தான் சொன்னார்.

குருநகரில் வீட்டுக்குப் போனால் அங்கே இன்னொரு சங்கடம். அப்பா சிமியோன் ஞாயிறு காலைப் பூசையை நன்றிக்காக ஒப்புக்கொடுத்திருந்தார். மகள் வேறு உலகத்தில் தண்ணீர் கண்டதற்காக என்று கோயிலில் வாசிப்பார்கள். மீன்பிடித் துறையில் எல்லாருக்கும் சொல்லியாயிற்று.

நண்டு வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தவரிடம் நடந்ததைச் சொன்னாள்.

"அப்ப தண்ணி இல்லையோ?"

"இருக்கு. கோளிலை இல்லையப்பா, நட்சத்திரத்திலை."

"நெருப்புக்குள்ளை தண்ணியோ? உது இன்னும் திறமெல்லே."

"அது முதலே தெரிஞ்ச விசயம்."

வேறு ஆருக்கும் தெரியுமா என்று சிமியோன் கேட்டார். வாகீசனுக்கு மட்டும் என்றாள். மற்றவர்கள் கண்டுபிடிக்க ஒரு வருசமாகலாம். அவர் மறுபடி வலையை எடுத்தார். அவள் வாகீசனை அழைத்து, கட்டுரையை மீளப் பெறப்போவதாகச் சொன்னாள். "சரி, கடிதத்திலை என்ரை பேரையும் போட்டு அனுப்பும்," என்றார். அனுப்பினாள். நேர்முகத்துக்கு இனி வெறுங்கையோடுதான் போகவேண்டும்.

பிறகு கோயில் காரியம் பார்க்கும் சங்கிலித்தாமான கிறகோரியிடம் போனாள்.

"குடுத்த பூசையைத் திருப்பி எடுக்கேலாது பிள்ளை. என்னத்துக்காக எண்ட கருத்தை மாத்தலாம். என்னெண்டு போட?"

"பிழையொண்டு நேரத்தோடை பிடிபட்டதுக்கு எண்டு போடுங்கோ."

நாற்பது வருசத்தில் இப்படி ஒரு கருத்து எழுதினதில்லை என்று சொல்லிக்கொண்டே கிறகோரி எழுதினார்.

ஞாயிறு சுவாமியார் அதை அப்படியே வாசித்தார். பாதிப்பேர் கவனிக்கவில்லை, பூசை முடிந்து வெளியே வந்ததும் லவீனாவின் கையைப் பிடித்து வாழ்த்தினார்கள். ஒவ்வொருவருக்கும் அது பிழையாகிவிட்டது என்று சொன்னாள். கவனித்தவர்களில் ஒருவர் செபமாலை. சிமியோனுடன் ஒரே வள்ளத்தில் போகிறவர்.

"என்ன சிமியோன், மகளின்ரை உலகம் வத்திப்போச்சாம்?"

"வத்தேல்லை. இருக்கோ இல்லையோ எண்டு இன்னும் தெரியாது," என்றார் சிமியோன். "அவள் திரும்பப் பாக்கிறாள்."

அப்படி அவள் சொல்லியிருக்கவில்லை. எப்ப தெரியுமாம் என்று செபமாலை கேட்டார். சிமியோன் மகளைப் பார்த்தார்.

"அடுத்த கடப்பு தை மாசம்," என்றாள் லவீனா.