கோல் விழுந்தால் கேமரா திரும்பும்

1

அரைக் கிலோ ஏலக்காய் வாங்கப் போன இடத்தில் எனக்கு இந்தக் கதை கிடைத்தது. அக்கா மகள் கல்யாணத்துக்கு நல்ல காயாக வேண்டும், கடைக்காரன் தலையில் கட்டுவதை வாங்கிக்கொண்டு வராதே என்று வீட்டில் உத்தரவு. அதனால் பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, காலை ஏழரை மணிக்கெல்லாம் போடியில் யோகராஜின் ஏலக்காய்க் கூடத்துக்குப் போய்விட்டேன். மலையிலிருந்து வருகிற காயைப் பெண்கள் தரையில் உட்கார்ந்து தரம் பிரிக்கிற இடம் அது. வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே பதினாறு பெண்கள் ஒரே குரலில் அலறினார்கள். பாம்பு என்று நினைத்து ஒற்றைச் செருப்போடு உள்ளே ஓடினேன்.

பாம்பு இல்லை. அமெரிக்காவின் வடகோடியில் ஏதோ ஒரு கல்லூரியின் ஐஸ் ஹாக்கி அணி, மூன்று கோல் பின்தங்கிக் கிடந்து, முதல் கோலைப் போட்டிருந்தது.

நான் கண்ணால் பார்த்தது அந்த ஆட்டத்தின் கடைசி முக்கால் மணி நேரம் மட்டுமே. மற்றதை அந்தப் பதினாறு பேரில் ஒருத்தியான சந்திரவல்லி சொன்னாள். அவள் சொல்லாமல் விட்ட இடங்களை நான் நிரப்பியிருக்கிறேன். எது எது என்று கேட்டால் சொல்ல மாட்டேன், எழுதுகிறவனுக்குக் கொஞ்சமாவது மரியாதை மிஞ்ச வேண்டும்.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"குரங்கணி மலை முகட்டிலிருந்து மேகம் மெல்ல இறங்கிக்கொண்டிருந்த அந்த அதிகாலையில்..." அடித்துவிட்டேன். போடியைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் மேகத்தை இறக்கிவிடுகிறார்கள். அன்றைக்கு மேகமே இல்லை, ஏழரைக்கே வெயில் உறைத்தது.

"ஐஸ் கட்டியை ஜூஸ் கடையில் மட்டுமே பார்த்திருந்த சந்திரவல்லி..." இதில் ஒரு நக்கல் இருக்கிறது. நான் மட்டும் வேறு எங்கே பார்த்தேனாம்?

"சந்திரவல்லிக்குக் கோல் வேண்டும்."

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

சந்திரவல்லிக்குக் கோல் வேண்டும். கோல் விழுந்தால்தான் கேமரா ஆட்டக்காரர்களை விட்டுவிட்டுக் கூட்டத்தின் பக்கம் திரும்பும். இரண்டு விநாடி, மிஞ்சினால் மூன்று. அதற்குள் மூவாயிரம் தலைகளில் ஒரு தலையைப் பிடித்துவிட வேண்டும். அந்தத் தலையில் ஒரு குரங்குக் குல்லா இருக்கும். காதையும் கழுத்தையும் மூடி, கண்ணையும் மூக்கையும் மட்டும் வெளியே விடுகிற, நம் ஊர்க் கம்பளிக் குல்லா. பழுப்பு நிறம், மஞ்சள் பட்டை, இடது காதுப் பக்கம் சிவப்பு நூலில் ஒரு தையல்.

அந்தத் தையல் சந்திரவல்லி போட்டது. குல்லா அவள் புருஷன் அமாவாசையுடையது. போடிமெட்டு ஏற்றத்தில் தினமும் விடிகாலையில் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பு ஓட்டியவன். நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்துவிட்டான். மகள் பானுப்பிரியா மேல்படிப்புக்கு அமெரிக்கா கிளம்பியபோது, அங்கே குளிருமாம் என்று அப்பாவின் குல்லாவைத்தான் அவளே முதலில் பெட்டியில் வைத்தாள்.

முதல் வருஷம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. வெள்ளிக்கிழமை ராத்திரி அங்கே ஆட்டம் என்றால் இங்கே சனிக்கிழமை விடிந்திருக்கும். பானு குல்லாவோடு வீடியோவில் வந்து, "அம்மா, இந்தா பாரு, பச்சைச் சட்டை போட்டவங்கதான் நம்ம ஆளு" என்று அரங்கத்தைச் சுற்றிக் காட்டுவாள். போன ஜூனில் ஒருநாள், படிப்பு முடிந்தாலும் ஊருக்கு வரப்போவதில்லை, அங்கேயே வேலை பார்க்கப்போகிறேன் என்றாள். சந்திரவல்லிக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "வரமாட்டேன்னு சொல்றதுக்கு எதுக்கு ஒரு போனு? இனிமே எனக்கு அடிக்காதே" என்றாள்.

மகளும் அதே இரத்தம்தான், அடிக்கவில்லை. எட்டு மாதமாயிற்று.

(இவளே எடுத்து அடிக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். "அடிக்காதேன்னு சொன்ன வாயி, சார். நானா கூப்பிட்டா, வந்திரு ஆத்தான்னு கூப்பிடுற மாதிரி ஆகிப்போகும். அவ அங்க ஒரு காலு இங்க ஒரு காலுன்னு நிக்கக் கூடாதுல்ல" என்றாள்.)

4

ஒரு சந்தேகம். சந்திரவல்லியை நான் ரொம்ப நல்லவளாக்கிக்கொண்டு போகிறேனோ? ஆகவே இதையும் சொல்லிவிடுகிறேன்: கூடத்தில் அவளுக்கு வாய் அதிகம். வெடித்த காயையோ கருத்த காயையோ எவளாவது நல்ல குவியலில் போட்டுவிட்டால், "கண்ணைக் கொண்டு வாடி, கழுவித் தாறேன்" என்பாள். இருபத்திரண்டு வருஷமாகக் காய் பொறுக்குகிறாள், இதுவரை தன் கண் தப்பியதில்லை என்று ஒரு கர்வமும் உண்டு. மூவாயிரம் பேரில் மகளைப் பிடித்துவிடுவேன் என்று அவள் நம்பியது அந்தக் கர்வத்தால்தான்.

பிடித்தும் விட்டாள். கூடத்திலேயே வயதில் சின்னவளான முத்துப்பிரியா, கல்லூரி ஆட்டங்களை நேரடியாகக் காட்டுகிற இடத்தைப் போனில் தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்தாள். நவம்பர் முதல் ஆட்டத்திலேயே, கோலடித்து கேமரா திரும்பியதும் குரங்குக் குல்லா தெரிந்தது. வெளியே தெரிந்த கண்ணையும் மூக்கையும் சுற்றிப் பச்சைச் சாயம் பூசிக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து சந்திரவல்லி பதினோரு தடவை பார்த்துவிட்டாள். ஒவ்வொரு தடவையும் அன்றைக்கு முழுவதும் யாரையும் திட்டுவதில்லை. கூடமே அந்த அணியின் பக்கம் சாய்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

பதினாறு பேருக்கும் அந்த ஆட்டத்தின் ஆங்கிலப் பெயர்கள் தெரியாது. பெயர் இல்லாமல் எப்படித் திட்டுவது? தாங்களே வைத்துக்கொண்டார்கள். பந்துக்குப் பதிலாக ஓடுகிற கறுப்பு ரப்பர் வட்டு 'வில்லை'. கோல் காப்பவன் 'கூண்டுக்காரன்'. பச்சைச் சட்டையில் பதினேழாம் நம்பர்க்காரன் 'மாப்ளே'. அவனுக்கு யார் மாமியார் என்பதில் மட்டும் போட்டி இருந்தது.

5

இப்போது ஆட்டம். (விளையாட்டை எழுத எனக்கு வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.)

நான் ஒற்றைச் செருப்போடு நுழைந்தபோது மூன்றுக்கு ஒன்று. கோல் போட்டது மாப்ளே. ஆனால் கேமரா கூட்டத்துக்குத் திரும்பாமல் பயிற்சியாளர் முகத்தில் போய் நின்றுவிட்டது. சந்திரவல்லி, "அந்தாளு மூஞ்சியில என்ன இருக்கு!" என்றாள். யோகராஜ் கல்லாவிலிருந்து, "யாத்தா, கையும் ஓடட்டும், காய் மதியம் போகணும்" என்று கத்தினார். அவரும் எழுந்து நின்றுதான் கத்தினார், அங்கிருந்து பார்த்தால் போன் நன்றாகத் தெரியும்.

இரண்டாவது கோலை வேறொரு பச்சைச் சட்டைக்காரன் போட்டான். கேமரா எதிர்ப்பக்கக் கூட்டத்தைக் காட்டியது. குல்லா இல்லை.

ஆட்டம் முடிய ஒன்றரை நிமிஷம் இருக்கும்போது பச்சைச் சட்டைக் கூண்டுக்காரன் கூண்டை அப்படியே போட்டுவிட்டு வெளியே ஓடினான்.*

"அடப் பாவி! கூண்டைத் தொறந்து போட்டுட்டு எங்கடா போற?" என்று முத்துப்பிரியா எழுந்துவிட்டாள்.

"வெரசாப் போய் நில்லுடா உள்ள!" என்று இன்னொருத்தி மடியிலிருந்த தட்டைக் கவிழ்த்தாள். முதல் தரமான எட்டு மில்லிமீட்டர் காய் தரையெல்லாம் ஓடியது. யாரும் பொறுக்கவில்லை, யோகராஜும் ஒன்றும் சொல்லவில்லை. ஆட்டம் முடிய பத்தொன்பது விநாடி இருக்கையில் மாப்ளே மூன்றாவதைத் தள்ளினான். மூன்றுக்கு மூன்று.

*பின்தங்கிய அணி கடைசி நேரத்தில் இப்படித்தான் செய்யுமாம். காப்பதற்கு ஆள் வேண்டாம், அடிக்க ஒரு ஆள் கூடட்டும் என்று கூண்டைக் காலியாக விடுவார்கள். எனக்கும் பிறகுதான் தெரியும்.

6

கூடுதல் நேரத்தில் முதலில் கோல் போடுகிற அணிக்குத்தான் வெற்றி. மூன்றாம் நிமிஷத்தில் மாப்ளே தனியாக வில்லையைத் தள்ளிக்கொண்டு போய்... (இந்த வாக்கியத்தை ஆறு தடவை எழுதினேன். ஆறு தடவையும் சந்திரவல்லி அவனைப் பார்க்கவில்லை. அவள் பார்க்காததை நான் எதற்கு எழுத வேண்டும்?)

கோல். கேமரா திரும்பியது. இந்தத் தடவை இரண்டு விநாடியில் நகர்ந்துவிடவில்லை, தங்கியது. நடுவில் குரங்குக் குல்லா, அதுவும் பக்கத்தில், காதோரச் சிவப்பு நூல்கூடத் தெரிகிற அளவுக்கு.

"பானு!" என்றாள் சந்திரவல்லி.

அப்போது அந்த அரங்கமே தலையில் இருந்ததைக் கழற்றி ஆட்டக்களத்துக்குள் எறிய ஆரம்பித்தது. ஒரே ஆள் ஒரு ஆட்டத்தில் மூன்று கோல் போட்டால் ரசிகர்கள் தொப்பியை எறிந்து கொண்டாடுவது அந்த விளையாட்டின் வழக்கம். நம் கூடத்தில் யாருக்கும் அது தெரியாது.

"என்னக்கா, செயிச்சதுக்குக் குல்லாவைத் தூக்கி எறியிறாய்ங்க?" என்றாள் முத்துப்பிரியா.

குரங்குக் குல்லாக்காரியும் கழற்றினாள். உள்ளே வைக்கோல் நிறத்தில் கட்டையான முடி. யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெண். அமாவாசையின் குல்லாவைத் தலைக்கு மேல் இரண்டு சுற்றுச் சுற்றி எறிந்தாள். ஐஸ் முழுக்கத் தொப்பிகள் கிடந்தன. இரண்டு பேர் பெரிய தள்ளுபலகையால் எல்லாவற்றையும் ஒரு பக்கமாகக் கூட்டித் தள்ளினார்கள்.

கூடத்தில் எல்லோரும் குதித்தார்கள். முத்துப்பிரியா மட்டும் சந்திரவல்லியைத் திரும்பிப் பார்த்தாள். சந்திரவல்லி மற்றவர்களோடு சேர்ந்து கைதட்டினாள். பிறகு உட்கார்ந்து காய் பொறுக்கினாள். கொஞ்ச நேரத்தில் வெடித்த காய் ஒன்று அவள் கையாலேயே நல்ல குவியலில் போய் விழுந்தது. நான் பார்த்தேன்.

நவம்பரிலிருந்து பதினோரு தடவை யார் மகளையோ பார்த்து அவள் வயிறு குளிர்ந்திருக்கிறது. பானு யாருக்குக் குல்லாவைக் கொடுத்தாள், ஏன் கொடுத்தாள், வெள்ளிக்கிழமைகளில் எங்கே இருக்கிறாள், ஒன்றும் தெரியாது. ஏலக்காய் வாங்காமலேயே வீட்டுக்குப் போய்த் திட்டு வாங்கினேன்.

7

மூன்று முடிவுகள் எழுதினேன்.

அ) கூடத்தின் சத்தம் அடங்கும்போது போன் அடிக்கிறது. "அம்மா, பாத்தியா, செயிச்சிட்டோம்!" எழுதிவிட்டு நானே அழுதேன். மறுநாள் படித்தபோது வெட்கமாக இருந்தது.

ஆ) வைக்கோல் முடிக்காரி குல்லாவைத் தேடி எடுத்துப் போடிக்குப் பார்சல் அனுப்புகிறாள். அதற்கு அவளுக்கு விலாசம் தெரிய வேண்டும், அதற்கு நான் இன்னும் நாலு பக்கம் பொய் சொல்ல வேண்டும்.

இ) ஐஸில் தொப்பிகளைக் கூட்டித் தள்ளுகிற இரண்டு பேரில் ஒருத்தி பானு. பகுதிநேர வேலை. குவியலில் சிவப்பு நூலைப் பார்த்துக் குனிந்து... இது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதனாலேயே நம்பிக்கை வரவில்லை.

8

அடுத்த வாரம் மூன்றையும் எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன். டீ நேரத்தில், சாக்குகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சந்திரவல்லிக்குப் படித்துக் காட்டினேன். மூன்றாவதைக் கேட்டுச் சிரித்தாள்.

"நல்லாருக்கு சார். படத்துக்குக் குடுங்க."

"அப்ப முதலாவது?"

டம்ளரைக் கீழே வைத்தாள்.

"போன் வந்ததா எழுதாதீக."

"ஏம்மா?"

"எழுதிட்டா வாசிக்கிறவுகளுக்கு மனசு ஆறிப்போகும். சரி, தாயும் மகளும் சேந்துட்டாகன்னு மூடி வச்சிருவாக. அவளும் வாசிச்சா அவளுக்கும் ஆறிப்போகும்ல, பேசினாப்புலயே இருந்திரும். ஆற விடாதீக சார். அப்பிடியே விட்டுருங்க."

"அவ வாசிப்பான்னு நினைக்கிறீங்களா?"

"அவளுக்குத் தமிழ் வாசிக்கப் பிடிக்கும். எம் பேரை மாத்திக்கிருங்க, ஊருல சிரிப்பாக. அவ பேரை மட்டும் மாத்தாம போடுங்க. தன் பேரு எங்கயாச்சும் வந்தா நிக்காம போயிருவாளா?"

"வேற ஏதாவது சொல்லணுமா?"

"அவ அப்பா குல்லாவைப் பத்திக் கேக்க மாட்டேன்னு சொல்லுங்க. குளிருதுன்னு எவளோ கேட்டிருப்பா, குடுத்திருப்பா. ஊருக்கு வரச் சொல்லியும் கேக்க மாட்டேன். எனக்குச் சோலி கெடக்கு." எழுந்து போய் முறத்தின் முன் உட்கார்ந்துகொண்டாள்.

9

ஆகவே இந்தக் கதைக்கு நான் முடிவு எழுதவில்லை. இவ்வளவு தூரம் கூட வந்த மற்ற வாசகர்கள் மன்னிக்க வேண்டும், இதை முடிக்க உங்களாலும் ஆகாது.

பானு, அங்கே காலை எட்டு மணி என்றால் இங்கே மாலை ஆறரை. அம்மா கூடம் விட்டு வீட்டுக்கு வந்து கை கழுவியிருப்பாள். அந்த நேரத்துக்கு யார் கூப்பிட்டாலும் போகாமல் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறாள். முத்துப்பிரியா சொன்னாள். நம்பர் மாறவில்லை.