நசுங்கிய போல்ட்

அருள்புரத்து பனியன் கம்பெனியில் நாகஜோதி பனியனுக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தபோது தலைக்கு மேலே டமார் என்று ஒரு சத்தம். துணி ரோல்களை அடுக்கப் புதிதாகப் போட்ட இரும்பு மாடி அது. அத்தனை பேரும் வாசலுக்கு ஓடினார்கள். மாடி விழவில்லை. ஆனாலும் நாகஜோதி உள்ளே போக மறுத்துவிட்டாள்.

"ஒண்ணும் ஆகலீங்க அம்மிணி, வந்து உக்காருங்க" என்றார் முதலாளி திருமூர்த்தி.

"நீங்க சொன்னாப் போதுமா மொதலாளி? அந்த மாடியில்லா சொல்லணும்."

மாடிக்கு வரைபடம் போட்ட இன்ஜினியர் சித்ராதேவி மதியமே பல்லடத்திலிருந்து வந்துவிட்டாள். ரோல்களை இறக்கி, மாடியைத் தாங்கும் பீமுக்கு முட்டுக்கொடுத்து, அதைத் தூணோடு இணைத்த மூன்று போல்ட்டுகளைக் கழற்றினாள். இரண்டு நேராக இருந்தன. மூன்றாவது நடுவில் நசுங்கி, படிபோல விலகியிருந்தது. அது நின்ற துளையும் முட்டை வடிவத்துக்கு நீண்டிருந்தது. அந்த போல்ட்டை வாசலில் நின்ற நாகஜோதியின் கையில் கொடுத்தாள்.

"துளையை போல்ட்டை விடக் கொஞ்சம் பெரிசாத்தானுங்க போடுவோம். பாரம் ஏறுனா பீம் வழுக்கி வந்து போல்ட் மேல உக்காரும். அந்தச் சத்தத்துல பயமில்லீங்க. ஆனா பட்டறைல துளையை வரிசை தப்பிப் போட்டுட்டாங்க. பாரம் முழுக்க முதல்ல இது மேல மட்டும் ஏறிடுச்சு. இது நசுங்கி எடங்குடுத்த பின்னாடிதான் மத்த ரெண்டும் பாரத்தை வாங்கியிருக்கு."

"நசுங்கலன்னா?"

"அறுந்திருக்கும். அப்புறம் அடுத்தது."

நாகஜோதி போல்ட்டைத் திருப்பிக் கொடுத்தாள்.

"போல்ட்டை மட்டும் மாத்துனா ஆச்சுங்களா? சரக்கு போகோணும்" என்றார் திருமூர்த்தி.

"இல்லீங்கண்ணா. துளை போட்ட தகட்டையும் மாத்தோணும். எல்லா மூலைலயும் போல்ட்டைக் கழட்டிப் பாக்கோணும்."

அவர் முகம் சுருங்கினாலும் மறுக்கவில்லை. அதுவரை தையல் மெஷின்கள் துணி வெட்டும் பக்கம் நகர்ந்தன. புதுத் தகடும் போல்ட்டும் பூட்டி ரோல்களை மறுபடி ஏற்றும் நாளில் நாகஜோதி கேட்டாள்: "ஏத்தும்போது நீங்க கீழ நிப்பீங்களா மேடம்?"

"நான் நிக்கறனுங்க" என்று திருமூர்த்தி முன்னே வந்தார்.

"நானும் நிக்க மாட்டேன், நீங்களும் நிக்கக் கூடாதுங்கண்ணா. ஏத்தி, அளந்து பாத்த பின்னாடிதான் கீழ ஆளு."

அந்தப் பதில்தான் நாகஜோதிக்குத் தெம்பு கொடுத்தது. எல்லோரும் வெளியே நின்றார்கள். அளந்து பார்த்ததில் பீம் இறங்கவில்லை.

மறுநாள் பழைய இடத்தில் உட்கார்ந்தாள். அடிக்கடி அண்ணாந்து பார்த்ததில் ஒரு பனியனின் கையை மாற்றித் தைத்துவிட்டாள். சூப்பர்வைசர் திட்டினார். பிரித்துத் திரும்பத் தைத்தாள்.